வாடாமல்லிக் கீரியின் தலை

பூவராகவன் மாதங்கிக்குத் தரவேண்டிய பாக்கி பதினோராயிரத்து முந்நூற்று இருபது ரூபாய். அதில் மூவாயிரம் அவன் கைநீட்டி வாங்கின அட்வான்ஸ். மிச்சம் அவன் பாழாக்கின துணிக்கு. துணி என்று சொன்னால் மாதங்கிக்கு ஆகாது, அதற்குப் பேர் ஃபர். வெளிநாட்டிலிருந்து வந்தது, வாடாமல்லி நிறம், விரல் நீளத்துக்கு முடி.

மனுஷன் கடன்பட்டால் கல்யாணம், ஆஸ்பத்திரி, பிள்ளை படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். பூவராகவன் பட்ட கடன் ஒரு கீரிப்பிள்ளையின் தலைக்காக. ஊரிலிருந்து அண்ணன் போன் பண்ணி, "கையில ஏதாவது இருக்காடா?" என்று கேட்டபோது, "இல்லண்ணே, நானே கடன்ல இருக்கேன்" என்றான். "எதுக்குடா கடன்?" என்றதும் போனை வைத்துவிட்டான். இதை எந்த வாயால் சொல்வது?

டில்லி கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தையில் அவனுக்கு சோபா வேலை. சட்டம் அடிப்பது ஆரிப். அதன்மேல் ஃபோம் வைத்து, துணியை இழுத்துப் பின் அடித்து, உட்கார்ந்தவர் எழ மனம் வராதபடி செய்வது பூவராகவன். ஊர் உட்காரவேண்டும் என்று இருபத்தாறு வருஷம் நின்றே வேலை செய்ததில் முதுகு போய்விட்டது, இடது முட்டி போய்விட்டது. வாய் மட்டும் பழுதில்லாமல் இருந்தது. அக்டோபர் மாசம் ஒருநாள் பின் அடிக்கிற கன் அவன் விரலைப் பதம் பார்த்தது. அந்த கன்னைப் பெற்றவளை அவன் நல்ல தமிழில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, கடை வாசலில் ஒரு பெண் சிரித்தாள்.

"அங்கிள், நீங்க தமிழா?"

அவள்தான் மாதங்கி. இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். மயூர் விஹாரில் வீடு, அப்பா மத்திய சர்க்கார் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், இவள் கார்ட்டூன் படம் வரைகிற கம்பெனியில் இருக்கிறாள். ஃபோம் தேடி வந்தவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கிற கீரி. உடம்பு வாடாமல்லி, காதோரம் மஞ்சள், கண் ஒவ்வொன்றும் டீ சாஸர் அளவு.

"இந்தத் தலை வேணும் அங்கிள். உள்ள என் தலை போகணும். ஃபோம்ல செதுக்கி, மேல ஃபர் ஒட்டணும். பண்ணுவேளா?"

"மாறுவேஷப் போட்டியாம்மா? புள்ள எத்தனாவது படிக்குது?"

"புள்ளைக்கு இல்ல. எனக்குத்தான்."

"கீரி இந்தக் கலர்ல எங்கம்மா இருக்கு?"

"எனக்குள்ள இருக்கு," என்றாள், ரேஷன் கார்டில் பேர் இருக்கிறது என்பதுபோல.

அப்புறம் விளக்கினாள். ஃபர்ரி என்று ஒரு கூட்டமாம். ஒவ்வொருத்தருக்கும் உள்ளே ஒரு மிருகம் உண்டாம். "அதை வரைவோம், அதுக்குப் பேர் வைப்போம், கதை எழுதுவோம். சில பேர் தைச்சுப் போட்டுப்போம். டில்லிலயே அறுபது எழுபது பேர் இருக்கோம். ஜனவரில எல்லாரும் மீட் பண்றோம். வெளிநாட்டுல முழு சூட்டா ஆர்டர் பண்ணினா ரெண்டு லட்சம் ஆகும்."

இரண்டு லட்சம் என்று காதால் கேட்ட பிறகும், "தலைக்கு மூவாயிரம் அட்வான்ஸ் குடும்மா" என்று கேட்டான் பூவராகவன். வியாபாரத்தில் அவன் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

போகும்போது அவள் ஒன்று கேட்டாள். "டீடெய்ல்ஸெல்லாம் வாய்ஸ்ல அனுப்பட்டுமா, எழுதி அனுப்பட்டுமா?"

"எழுதியே அனுப்பு. நான் படிப்பேன்," என்றான்.

அவன் கெட்டது அந்த ஒரு வார்த்தையால்தான். நாற்பத்து மூன்று வயசு வரைக்கும் அவனுக்கு எழுத்து கிடையாது. கை முறிந்து நாலு மாசம் வீட்டில் கிடந்தபோது, அஞ்சாவது வரைக்கும் படித்த அவன் பெண்டாட்டி ராஜலக்ஷ்மி, சுவரில் மாட்டியிருந்த தமிழ் தினசரி காலண்டரை வைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் அவன் வாழ்க்கையில் முதன்முதல் படித்த வார்த்தை அம்மாவும் இல்லை, ஆடும் இல்லை. எமகண்டம். அதற்கப்புறம் அந்த மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. வடை கட்டி வந்த காகிதத்தைப் படித்து முடிக்காமல் வடையைத் தொடமாட்டான். 'நீங்க படிப்பீங்களா?' என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று அஞ்சு வருஷமாகக் காத்திருந்தான். கேட்டுவிட்டாள்.

மறுநாளே மெசேஜ் வந்தது. நீளமாக, பத்து வரி. அவ்வளவும் இங்கிலீஷ் எழுத்து. அவள் எழுதியிருந்தது தமிழ்தான். டில்லியில் வளர்ந்த பிள்ளைகள் தமிழையும் இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டும். ஆனால் அது தமிழா, இங்கிலீஷா என்று கண்டுபிடிக்கவே பூவராகவனுக்கு வழியில்லை. இங்கிலீஷில் அவனுக்குத் தெரிந்தது வண்டி நம்பர் பிளேட்டில் இருக்கிற டி-யும் எல்-லும்தான்.

ஆரிப்பிடம் காட்டியிருக்கலாம். ஆனால் ஆரிப் படித்துக் காட்டிவிட்டு, சந்தை முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பான். 'படிப்பேன்' என்று சொன்னவன் இப்போது 'படிக்கத் தெரியாது' என்று அந்தப் பெண்ணிடமும் சொல்லவேண்டும். யோசித்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அழுத்தி அனுப்பினான். பத்து வரிக்கு ஒரு விரல். அதற்கப்புறம் எது வந்தாலும் விரல்தான்.

அவனும் எழுதினான். தமிழில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஒரு டீ ஆறுகிற நேரத்துக்கு ஒரு வரி. "அம்மா மாதங்கிக்கு. மூக்கு வந்து விட்டது. காது நாளை." உடனே அவளிடமிருந்து சிவப்பு ஹார்ட் ஒன்று வந்தது. ராஜலக்ஷ்மியிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"பாரு, படிச்சவங்க மரியாதைய."

"வயசுப் பொண்ணு ஹார்ட்டு அனுப்புது, இவரு மரியாதைங்கறாரு," என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடை சாத்தினதும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை அரைநாள் என்று அவன் அந்தத் தலையைச் செதுக்கினான். சோபாவில் அவனுக்கு வாய்த்ததெல்லாம் மூலையும் முழங்கை வைக்கிற திண்டும்தான். என்ன துணி, என்ன கலர் என்று வாங்குகிறவர் சொல்வார், முதலாளி தலையாட்டுவார். பழுப்பு ரெக்ஸின் என்றாலே பூவராகவனுக்கு ஆகாது. அவன் வாழ்நாளில் அடித்தது பாதிக்குமேல் பழுப்பு ரெக்ஸின். உனக்கு எது பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது பிளேடு கையில், எதிரே ஒரு வெள்ளைக் கட்டி. கன்னத்தை இழைத்தான். அமுக்கினால் உள்ளே போய்த் திரும்ப வந்தது. வாயின் ஒரு ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டான். கீரி எதையோ தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பதுபோல ஆகிவிட்டது. அவள் அப்படிக் கேட்கவில்லை. அவனுக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் அவள் வாங்கி அனுப்பியிருந்த ஃபர். முடி வைத்த துணிக்கு ஒரு போக்கு உண்டு. ஒரு பக்கம் தடவினால் படியும், எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்க்கும். சோபா முதுகில் வெல்வெட் போட்டால் முடி மேலிருந்து கீழே படியவேண்டும். இது சோபாக்காரனுக்கு வேதம். இருந்தாலும் பூவராகவன் பொறுப்பான ஆள், கேட்காமல் ஒட்டவில்லை. "முடி மேலிருந்து கீழே படியும்படி ஒட்டப் போகிறேன். சம்மதமா?" என்று எழுதினான். ஹார்ட் வந்தது. சோபாவுக்குப் போடுகிற சொல்யூஷன் பசையைத் தடவி, உச்சந்தலையிலிருந்து மூக்குவரை ஒட்டி அமுக்கினான். அந்தச் சொல்யூஷன் ஒட்டினால் ஒட்டினதுதான், பிரித்தால் துணி கிழியும்.

டிசம்பர் முதல் வாரம் மாதங்கி ஓடிவந்தாள். கவரைப் பிரித்தாள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மிருகத்துக்கு முகத்தில் முடி மூக்கிலிருந்து கிளம்பிப் பின்பக்கம் போகும். நாயைத் தடவியவனுக்கெல்லாம் தெரிந்த விஷயம். இந்தக் கீரிக்கு முடி உச்சியிலிருந்து கிளம்பிக் கண்ணை மறைத்து மூக்கில் வழிந்தது. விடிய விடியக் குடித்துவிட்டு, மழையில் நனைந்து, பால் பூத் வாசலில் நிற்கிறவன்போல இருந்தது.

"அங்கிள், முடியெல்லாம் கீழ வர்றதே…"

"வெல்வெட்டுன்னா மேலருந்து கீழதாம்மா."

"இது சோபாவா?" என்று போனை நீட்டினாள். "நாலு தடவை எழுதினேன். மூக்குலேந்து பின்னாடி போகணும்னு படம் வேற போட்டேன். நாலு தடவையும் தம்ஸ் அப் போட்டேளே! படிக்கவே இல்லையா?"

படம் என்னவோ வந்ததுதான். அம்புக்குறி போட்ட படம். கீரியின் பார்வை எந்தப் பக்கம் என்று காட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னது, "கவனிக்கலம்மா."

"அப்ப பணத்தைத் திருப்பிக் கொடுங்கோ. ஃபரோட விலையும்." தலையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு மெசேஜ். வழக்கம்போல விரல் படத்தைத் தட்டிவிட்டான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆரிப் எட்டிப் பார்த்து, புரையேறி இருமினான்.

"அரே மதராசி, இதுக்கா தம்ஸ் அப் போட்டே? உன் பேர் வந்திருக்கு!"

அந்தக் கூட்டத்துக்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைக் கெடுத்தவர்களின் பட்டியல், மற்றவர்கள் உஷாராக இருப்பதற்காக. ஆரிப் இந்தியில் படித்தான்: "பூவராகவன், கீர்த்தி நகர். ஃபோம் வேலை அருமை. மெசேஜைப் படிக்கமாட்டார், எல்லாத்துக்கும் கட்டைவிரல். ஃபர் நாசம். பாக்கி பதினோராயிரத்து முந்நூற்று இருபது. ஜாக்கிரதை."

"ஃபோம் அருமைன்னா போட்டிருக்கு?"

"அது ஒண்ணுதான் உன் காதுல விழுந்துதா?"

தன் பேர் முதல்முதலாக எழுத்தில் வந்திருக்கிறது, அதையும் இன்னொருத்தன் படித்துக் காட்டவேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது பூவராகவனுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அவன் பேருக்கு மேலே இருந்தவன் பதினேழு பேரிடம் பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டவனாம். அது உறைத்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஆணியைக்கூட அவன் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. 'திருடன் பக்கத்துல உக்கார வச்சிட்டாளே' என்று இரண்டு வாரம் மனசு அரித்தது. அந்தப் பட்டியலிலிருந்து பேரை எடுக்கவேண்டும். அதற்குப் பணம் வேண்டும், இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லவேண்டும். பணம் நாலாயிரம்தான் இருந்தது.

அவர்கள் கூடுகிற நாளும் இடமும் பட்டியலின் அடியிலேயே இருந்தது, ஆரிப் படித்துச் சொல்லியிருந்தான். ஜனவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை, நாலாயிரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். மெட்ரோ ஸ்டேஷனில் ஸ்கேனர் பெல்ட்டில் பை உள்ளே போனது. போலீஸ்காரர் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது என்ன?"

"கீரித்தலை, சாப். சோபா மாதிரிதான்."

அதற்குமேல் கேட்க அவருக்கே தெம்பில்லை. போ என்று கையைக் காட்டிவிட்டார்.

மயூர் விஹாரில் ஒரு ஃபிளாட் சொசைட்டியின் புல்தரை. கேட்டில் வைஷ்ணவி என்று கழுத்தில் அட்டை மாட்டின பெண், வருகிறவர்களின் பேரைப் பதிந்துகொண்டிருந்தாள். அவன் "அம்மா" என்றதும் தெரிந்தது, அவளும் தமிழ்தான். "பேர் சொல்லுங்க அங்கிள்," என்றாள்.

பேரைச் சொன்னால் உள்ளே விடுவார்களா? பூவராகவனுக்குக் கை தானாகப் பைக்குள் போனது. தலையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"ஓ, சூட்டரா! வேஷத்தோட வந்தவங்க நேரா உள்ள போங்க. தலை போட்டாப் பேசக்கூடாது, ரூல் தெரியுமில்ல?"

தலையை ஆட்டினான். அதைவிட நல்ல ரூல் அவனுக்கு வாய்த்ததில்லை.

உள்ளே குளிர்கால வெயிலில் ஓநாய் நின்றது, பாண்டா நின்றது, பச்சை நிறச் சிறுத்தை ஒன்று வாழைப்பழத்தை எப்படித் தின்பது என்று தெரியாமல் நின்றது. மிச்சப்பேர் சும்மா வாலையோ காதையோ மாட்டிக்கொண்டு படம் வரைந்தார்கள். யாரும் அவனை 'யார் நீ, எந்த ஊர்' என்று கேட்கவில்லை. ஓநாய் கட்டிப்பிடித்தது. அவன் முட்டிவலியில் விந்தி விந்தி நடப்பதைப் பார்த்து, கீரி நடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாண்டா பின்னாலேயே விந்தி வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்த முட்டிக்காக எத்தனை டாக்டரிடம் அழுதிருக்கிறான், ஒருத்தர்கூடக் கைதட்டினதில்லை. பூவராகவன் இன்னும் இரண்டு நடை விந்தினான். உள்ளே ஒரே சொல்யூஷன் நாற்றம், வேர்வை. வெளியே வர மனமில்லை.

"இது என் தலை!"

மாதங்கி நின்றுகொண்டிருந்தாள், மஞ்சள் வாலும் வெறும் முகமுமாக. "யாரு உள்ள? இது எப்படி இங்க வந்துது?"

"அம்மா…" என்று அவன் உள்ளிருந்து ஆரம்பித்தான்.

"பேசக்கூடாது!" என்று வைஷ்ணவி ஓடிவந்தாள்.

முகத்தை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம் என்று பார்த்தான், அதற்கும் வழியில்லை. தலையைக் கழற்றினான். நெற்றியில் ஃபோம் தூள் ஒட்டியிருந்தது.

"திட்டறதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்கம்மா. நீ அனுப்பினது எதையும் நான் படிக்கல. கவனிக்காம இல்ல, தெரியாமத்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. தமிழ் எழுத்து மட்டுந்தான், அதுவும் அஞ்சு வருஷமாத்தான். படிப்பேன்னு பீத்திக்கிட்டேன். மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துது."

எல்லா மிருகமும் பார்த்துக்கொண்டிருந்தது. மாதங்கியின் முகம் வாடாமல்லி நிறத்துக்கு வந்தது. கோபமோ என்று பயந்தான்.

"அப்போ நீங்க தமிழ்ல அனுப்பினதெல்லாம்…" என்று இழுத்தாள்.

"அதான் ஹார்ட்டு போட்டியே?"

"எனக்குத் தமிழ் படிக்க வராது அங்கிள். பேசத்தான் தெரியும். எங்க அப்பா எல்லார்கிட்டயும் 'என் பொண்ணுக்குத் தமிழ் நன்னா வரும்'னு சொல்லிண்டிருப்பா. நானும் இல்லேன்னு சொன்னதே இல்ல. நீங்க அவ்ளோ அழகா எழுதி அனுப்பறேள், பதிலுக்கு ஏதாவது போடணுமேன்னு…"

பூவராகவன் போனை எடுத்தான். கூட்டத்துக்கு நடுவில் நின்று, எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தான்: "முடி மேலிருந்து கீழே படியும்படி ஒட்டப் போகிறேன். சம்மதமா?" கீழே சிவப்பு ஹார்ட். அவள் தன் போனைப் பார்த்துப் படித்தாள்: "மூக்குலேந்து பின்னாடி போகணும். புரிஞ்சுதா, கன்ஃபர்ம் பண்ணுங்கோ." கீழே கட்டைவிரல். வைஷ்ணவி அதையெல்லாம் இந்தியில் மற்றவர்களுக்குச் சொல்லி முடித்ததும், ரூலை மீறாமல், பாண்டா தன் பெரிய கையால் நெற்றியில் அடித்துக்கொண்டது.

"பாதித் தப்பு என்னோடது," என்றாள் மாதங்கி. "பாதி என்ன, கடனே வேண்டாம் அங்கிள். விட்டுடலாம். இன்னிக்கே பேரை எடுத்துடறேன். தலையை மட்டும் கொடுத்துடுங்கோ. ஃபோம் சூப்பரா இருக்கு, ஃபரைப் பிச்சுட்டு வேற ஒட்டிக்கறேன்."

இதற்காகத்தான் வந்தான். கையை நீட்டிக் கொடுத்துவிட்டால் கடனும் போச்சு, திருட்டுப் பட்டமும் போச்சு. பூவராகவன் இரண்டு கையாலும் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"பிச்சா இந்த மூஞ்சி போயிடுமேம்மா."

"போய்டும். வேற என்ன பண்றது?"

"கடன் அப்படியே இருக்கட்டும்," என்று யாரோ சொன்னார்கள். யார் என்று பார்த்தால் அவன்தான். "பதினோராயிரத்து முந்நூத்தி இருபது. ஒரு ரூவா குறைக்காத. தலை எனக்கு. ஒனக்கு வேற செதுக்கித் தரேன்."

"பாக்கி முழுசாத் தீர்ற வரைக்கும் பட்டியல்ல பேர் இருக்கும் அங்கிள்," என்றாள் வைஷ்ணவி தயங்கித் தயங்கி. "அதுவும் ரூல்."

"இருக்கட்டும்."

மாதங்கி, அந்தக் கூட்டத்தில் புதிதாக வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "உங்க கேரக்டர் பேர் என்ன?"

"பூவராகவன்தான்."

"அது உங்க பேராச்சே. மிருகத்துக்கு வேற பேர் வைக்கணும்."

"ஸ்ரீமுஷ்ணம் எங்க ஊரு. அங்க சாமிக்கே பன்றி முகம். அந்தச் சாமி பேருதான் எனக்கு. நீங்கல்லாம் இப்பத்தான ஆரம்பிச்சிருக்கீங்க?" என்றான். ஓநாய் ரூலை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டது.

அன்றைக்கு நாலாயிரம் கொடுத்தான். மிச்சம் ஏழாயிரத்து முந்நூற்று இருபது. வீட்டில் கணக்குக் கேட்ட ராஜலக்ஷ்மி, "நான் மிக்ஸி கேட்டப்ப முதுகு வலிக்குதுன்ன. குடிகாரக் கீரிக்குப் பதினோராயிரமா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தலையை அவளே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதை அவன் பார்த்தான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாண்டாவுக்குத் தாடை தொங்கிப்போயிருந்தது. அதைச் சரிசெய்யக் கூப்பிட்டார்கள். பச்சைச் சிறுத்தைக்கு வாய் திறக்கும்படி வேறு தலை வேண்டியிருந்தது. ஃபோம் வேலை மட்டும்தான், ஃபர் ஒட்டுவதில்லை என்று பூவராகவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். எல்லாம் வாய்ஸில் பேசச் சொன்னான். பட்டியலில் பேர் இருக்கும்போதே ஆர்டர் வாங்கின ஆள் அவன் ஒருத்தன்தானாம், வைஷ்ணவி சொன்னாள். மாதங்கிக்கு வேறு தலை செதுக்கினான், கூலி இல்லாமல். ஃபரை இந்தத் தடவை அவளே பக்கத்தில் உட்கார்ந்து தடவித் தடவிப் பார்த்து ஒட்டினாள். வாயின் ஓரத்தைத் தூக்கிவிடட்டுமா என்று கேட்டான். "வேண்டாம் அங்கிள், அது உங்களோடது," என்றாள்.

பிப்ரவரியில் மூவாயிரம் கொடுத்தான். மார்ச் இரண்டாவது ஞாயிறு, மயூர் விஹார் மெட்ரோ வாசலில் நாலாயிரத்து முந்நூற்று இருபதை அவள் கையில் வைத்தான். ஐந்நூறு எட்டு, நூறு மூன்று, பத்து இரண்டு. மாதங்கி எண்ணினாள். பத்து ரூபாய் நோட்டில் ஒன்று நடுவில் கிழிந்திருந்தது.

"இது செல்லாது அங்கிள்."

மாற்றிக் கொடுத்தான். அவள் போனை எடுத்து, அவன் கண்ணெதிரிலேயே அந்தப் பட்டியலிலிருந்து அவன் பேரை அழித்தாள். பாக்கி முடிந்தது.